இருபது டன் நிழல்

ஒரு கோழியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மெல்ல இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். உடம்பு கையோடு போகும். தலை மட்டும் காற்றில் ஆணி அடித்து மாட்டியதுபோல அதே இடத்தில் நிற்கும். கையைத் தூக்கினால் கழுத்து சுருங்கும், இறக்கினால் நீளும். தலை அசையாது. இசக்கியம்மாள் தன் இயந்திரத்தைப் பற்றி யாருக்கு விளக்கினாலும் இந்தக் கோழியில்தான் தொடங்குவாள். பணம் போடுகிறவர்களின் கூட்டம் ஒன்றுக்கு நிஜக் கோழியையே கொண்டுபோனாள். அது கையிலிருந்து திமிறி, குளிரூட்டிய அறைக்குள் நாலு சுற்றுப் பறந்து, ஒரு பெரிய மனிதரின் மடியில் போய் உட்கார்ந்தது. கூட்டம் அத்தோடு கலைந்தாலும் விஷயம் எல்லோருக்கும் மறக்காமல் பதிந்துவிட்டது. பணமும் கிடைத்தது. இயந்திரத்துக்கும் கோழி என்றே பெயர் நிலைத்தது.

கோழி எதற்கு என்று புரிய, நடுக்கடலில் சரக்கு இறக்குகிற தொல்லை என்னவென்று தெரிய வேண்டும். அந்தக் காலத்துக்குள் கப்பல்கள் ஒரு தெருவளவுக்கு நீண்டுவிட்டன. தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் அவற்றால் நுழைய முடியாது. கரை கண்ணுக்கு ஒரு கோடாகத் தெரிகிற தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். இரும்புத் தோணிகள் பக்கத்தில் போய் அணைந்துகொள்ள, கப்பலின் சொந்தக் கிரேன் பெட்டி பெட்டியாக அவற்றில் இறக்கும். தோணிகள் அதைச் சின்னத் துறைகளுக்கெல்லாம் கொண்டுபோகும்.

கரையில் நிற்கிற கிரேனுக்குக் கவலை இல்லை, அதன் காலடி அசையாது. கப்பல் கிரேனுக்கோ காலடியே மிதக்கிறது. மாதா கோவிலில் தூபக்கால் வீசுகிறவரைப் பார்த்தால் தெரியும்: கை அசைவது கொஞ்சம்தான், சங்கிலியின் நுனியில் புகை போகிற வீச்சு பெரிது. கப்பல் ஒரு சாண் சாய்ந்தால் நாற்பது அடிக் கம்பியின் நுனியில் தொங்குகிற பெட்டி ஆள் உயரத்துக்கு வீசும். கப்பல் சாய்ந்து நிமிர்கிற நேரமும் பெட்டி போய்வருகிற நேரமும் பொருந்திவிட்டால், ஊஞ்சல் திரும்புகிற நேரம் பார்த்துத் தள்ளிவிடுவதுபோல ஒவ்வொரு அலையும் பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் வேகம் கொடுக்கும். பெட்டியின் எடை இருபது டன். கீழே தோணி வேறு தன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

அதனால் தோணியில் கயிற்றாட்கள் இருந்தார்கள். பெட்டியின் மூலைகளில் கட்டிய கயிறுகளைப் பிடித்து, ஆட்டத்தை இழுத்து அடக்குவது அவர்கள் வேலை. அவர்கள் பயந்தது பெரிய ஆட்டத்துக்கு இல்லை. ஆடிக்கொண்டே இருக்கிற பெட்டி சில சமயம் திடீரென்று அடங்கிப்போகும். அப்பாடா என்று கயிற்றைத் தளர்த்தினால், அடுத்த வீச்சு ஆளைத் தேடி வரும். அந்த அடக்கத்துக்குத் தோணிக்காரர்கள் வைத்திருந்த பெயர் கள்ளத்தூக்கம்.

இசக்கியின் அண்ணன் பேச்சிமுத்து கயிற்றாளாக இருந்தவர். இசக்கி தன் ஆராய்ச்சியின் தொடக்கத்தில் அளவுக்கருவிகளை மாட்டி, பெட்டிகள் எப்படி ஆடுகின்றன என்று பதிவு செய்துகொண்டிருந்த நாட்களில் ஒன்றில், அவள் கண்ணெதிரிலேயே ஒரு பெட்டி கள்ளத்தூக்கம் போட்டது. பேச்சிமுத்துவின் வலது கை அன்றோடு தோளுக்கு மேல் உயராமல் போயிற்று. மனிதர் அதற்கெல்லாம் சோர்ந்துவிடவில்லை. கிரேன்காரருக்குக் கையால் சைகை காட்டுகிற வேலைக்கு மாறி, எல்லாச் சைகைகளையும் இடது கைக்குப் பழக்கிக்கொண்டார். சோறு மட்டும் இன்னும் சட்டையில் சிந்துகிறது என்பார்.

இசக்கிதான் மாறிப்போனாள். ஆட்டம் என்ற சொல்லே அவளுக்குப் பகையாகிவிட்டது. ஏழு வருஷம் அதன் பின்னாலேயே அலைந்து கோழியைச் செய்தாள். கப்பலின் உச்சியில் ஒரு கண், கூப்பிடு தூரத்தில் வருகிற அலையை வரும்போதே பார்த்துவிடும். கிரேனில் இன்னொரு கண், தோணியின் தளத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கப்பல் எந்தப் பக்கம் சாயப்போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகக் கிரேன் நுனி நகரும்; தோணி ஏறினால் கம்பி சுருங்கும், இறங்கினால் நீளும். கோழிக் கழுத்தேதான். தோணியில் நிற்கிறவருக்கு, தலைக்கு மேலே பெட்டி வானத்தில் ஒட்டிவைத்ததுபோல நிற்கும். ஆட்டம், பூஜ்யம்.

இரண்டு கப்பல்களில் கோழி வேலை செய்யத் தொடங்கிப் பல மாதமாகியிருந்தது. கயிற்றாட்கள் கயிற்றைப் போட்டுவிட்டு, பெட்டியைப் பூட்டுகிற வேலைக்கு மாறியிருந்தார்கள். இனி ஒரே ஒரு பரிசோதனை பாக்கி. சென்னையிலிருந்து ஆளவந்தார் என்ற அதிகாரி வந்து பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் இந்தக் கடற்கரைக்கு வருகிற எல்லாக் கப்பல்களிலும் கோழி ஏறும். சரியில்லை என்றால் கம்பெனி கடையைக் கட்டிவிடும். கயிற்றாட்கள் பழையபடி கயிற்றைப் பிடிக்க வேண்டியதுதான். இந்தக் கவலையில் இசக்கி பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிடுவாள்.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனி மேலாளர் ஒரு புகார் சொன்னார். காலையில் மளமளவென்று இறங்குகிற சரக்கு நடுப்பகலில் தேங்கி நிற்கிறதாம், வெயிலில் இயந்திரம் தளர்ந்துபோகிறதோ என்று கேட்டார். இசக்கி கோழியின் ஒவ்வொரு நரம்பையும் சோதித்தாள். ஒரு குறையும் இல்லை. கடைசியில் கப்பலுக்கே போய், கிரேன்காரர் சவரிராயனின் கூண்டுக்குள் ஏறிக் கேட்டாள். சவரி தலையைச் சொறிந்தார்.

"மெஷினு மேல குத்தம் இல்லம்மா. நாந்தான் நிறுத்தி வைக்கேன். கீழ பந்தல் கேக்காவ."

என்ன பந்தல் என்று அவளுக்கு விளங்கவில்லை. போய்ப் பாருங்களேன் என்று சவரி சிரித்தார். அவள் நூலேணியைப் பிடித்துத் தோணிக்கு இறங்கினாள்.

சித்திரை வெயில். தோணியின் தளம் முழுக்க இரும்பு. பெட்டி வைக்கிற இடமென்பதால் மேலே ஒரு முழம் துணிகூடக் கட்ட முடியாது. பின்புறம் இருக்கிற சின்ன அறைக்குள் எஞ்சின் சூடு. செருப்பில்லாமல் நின்றால் கால் வெந்துவிடும். அந்தத் தளத்தின் நடுவில் மட்டும் அகலமாக, குளுகுளுவென்று, ஒரு நிழல். அதில் பாய் விரித்து ஏழு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நெத்திலிக் குழம்பு வாசனை கமகமத்தது. ஒருவர் சாப்பிட்டு முடித்துத் துண்டை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். அவர்களுக்கு மேலே, ஒருவர் எழுந்து கையை நீட்டினால் தொட்டுவிடுகிற உயரத்தில், இருபது டன் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

தொங்கியது என்பதுகூடச் சரியில்லை. நின்றது. நிழலின் விளிம்பு தளத்தில் கோடு போட்டதுபோல அசையாமல் இருந்தது.

தோணியின் தலைவரை அந்தக் கரையில் தண்டல் என்பார்கள். இந்தத் தோணியின் தண்டல் கஸ்பார் மொத்தா எழுந்து கைகழுவிவிட்டு, மரியாதையாக வரவேற்றார்.

"வாங்கம்மா, வெயில்ல நிக்காதிய. இங்கன வந்து உக்காருங்க, நல்ல காத்து வருது."

இசக்கி நிழலுக்குள் காலை வைக்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களில் அண்ணனும் இருந்தார்.

"அண்ணே, எந்திரி. எல்லாரும் வெளிய வாங்க."

"ஏட்டி, சாப்புட்டுட்டு இருக்கோம்லா. என்ன, விழுந்துருமா?"

விழும் என்றால் தன் இயந்திரத்தைத் தானே பழித்ததாகும். விழாது என்றால் அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

பேச்சிமுத்து ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார். "நீ செஞ்சதுல்லா? துறை பூரா சொல்லிட்டுத் திரியுதேன், எந்தங்கச்சி போட்ட பந்தலுன்னு."

இடது உள்ளங்கையைத் தலைக்கு மேல் தட்டையாக விரித்துக் காட்டினார். அதுதான் பந்தல் சைகை. கிரேனுக்கான அதிகாரபூர்வச் சைகைகளில் இல்லாதது, அவரே கண்டுபிடித்தது. அதைக் காட்டினால் சவரி பெட்டியை நிறுத்திவைத்துவிட்டு, தானும் மேலே கூண்டில் தூக்குச்சட்டியைத் திறப்பார்.

"அண்ணே, நான் ஆட்டத்தத்தான் நிறுத்திருக்கேன். பாரத்த இல்ல."

அவளுக்குத் தெரிந்ததை அவர்களுக்கு எடுத்துச் சொன்னாள். கம்பி அறுந்துபோகலாம், கொக்கி நழுவலாம், ஒரு கணம் மின்சாரம் போகலாம். கோழி பார்த்துக்கொள்வது பெட்டி வீசாமல் இருப்பதை மட்டுமே. பெட்டியின் எடை முன்பிருந்த அதே எடை, கம்பியும் அதே கம்பி. எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். படித்த பிள்ளை, அக்கறையாகச் சொல்கிறது என்று தலையாட்டி, பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சவரியிடம் விசாரித்தபோது பந்தல் மறுபடியும் நடந்துகொண்டிருந்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. எச்சரிக்கைப் பலகை எழுதித் தோணியில் மாட்டினாள். அதைச் சோற்றுப் பானைக்கு மூடியாக்கிவிட்டார்கள். சுருட்டி விரிக்கிற படுதா ஒன்று கொண்டுவந்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் சுருட்டி விரித்து ஆட்கள் அலுத்துப்போனார்கள். மூன்றாம் நாள் காற்று அதைப் பிய்த்து ஒரு பெட்டிக்கு முக்காடு போட்டுவிட்டது. சவரியிடம் இனி பந்தலுக்கு நிறுத்தவே கூடாது என்று கேட்டுக்கொண்டாள். சவரி வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் தளத்தில் இடம் ஒதுக்கும்வரை, பெட்டியைப் பூட்டுகிற கொண்டிகளைத் திருப்பும்வரை எப்படியும் ஒவ்வொரு பெட்டியும் கொஞ்சம் காத்துத் தொங்கத்தான் வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆட்கள் தாங்களாகவே நிழலுக்குள் வந்துவிட்டார்கள். தண்ணீர் குடிக்க வந்தார்கள், பீடி பற்றவைக்க வந்தார்கள், வெறுமனே நிற்க வந்தார்கள். வருகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. வெயிலில் நிற்கிற கால் நிழலைத் தேடுவதற்கு மூளையிடம் அனுமதி கேட்பதில்லை.

ஆகவே இயந்திரத்துக்குள்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவு செய்தாள். ஏழு வருஷம் பாடுபட்டு ஒழித்த ஆட்டத்தைத் தானே திரும்பக் கொண்டுவருவது. மனம் கசந்தாலும் செய்தாள். பெட்டி காத்து நிற்கிற நேரத்தில் மட்டும் மிக மெதுவாக, ஒரே சீராக, ஒரு முழம் அந்தப் பக்கம், ஒரு முழம் இந்தப் பக்கம் போய்வரும்படி கோழிக்குக் கற்றுக்கொடுத்தாள். இறக்கும்போது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். நிழல் ஓடினால் யார் அதில் உட்கார முடியும்? சோதித்துப் பார்ப்பதற்காகச் சில நாள் மட்டும் பந்தலுக்குப் பழையபடி நிறுத்தும்படி சவரியிடம் சொன்னாள்.

உட்கார்ந்தார்கள். மறுநாள் அவள் கூண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கையில், நிழல் நகர நகர ஏழு பேரும் தட்டைத் தூக்கிக்கொண்டு அதனோடு நகர்ந்தார்கள். நிழல் திரும்பியதும் அவர்களும் திரும்பினார்கள். வாய் ஒரு பக்கம் மென்றுகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தாளம் பிடிபட்டு, ஒரு வரிசையாக, குழம்புச் சட்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, ஒன்றுபோல அசைந்தார்கள். சவரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இசக்கியும் முதலில் சிரித்தாள். பிறகு நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆளவந்தார் வருகிற வாரம் அது.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கோழி வந்த புதிதில் பெட்டி இதே போல அசையாமல்தான் நின்றது. அப்போது இதே ஆட்கள் தோணியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, கிட்டவே வர மறுத்தார்கள். பூட்டுவதற்குக்கூடத் தண்டல் அதட்ட வேண்டியிருந்தது. அசையாத பெட்டியை அவர்கள் கள்ளத்தூக்கம் என்று நினைத்திருந்தார்கள். நாள் போகப் போக, தூங்கியது எழுந்திருக்கவே இல்லை என்றானதும் பயம் விட்டுப்போயிற்று.

"சவரிண்ணே, கள்ளத்தூக்கம் ஏன் வருதுன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

அது கடலின் குசும்பு என்றார் சவரி. இசக்கி விளக்கினாள்:

"ரெண்டு பேரு தோள்ல கைபோட்டு நடக்காவன்னு வைங்க. ஒருத்தர் எட்டு கொஞ்சம் நீளம், இன்னொருத்தர் எட்டு கொஞ்சம் குட்டை. கொஞ்ச நேரம் ரெண்டு காலும் சேந்து விழும், கொஞ்ச நேரம் மாத்தி மாத்தி விழும். கப்பல் சாயுத எட்டு ஒண்ணு, பெட்டி வீசுத எட்டு இன்னொண்ணு. மாத்தி விழும்போது ஒண்ண ஒண்ணு அமுக்கும், பெட்டி தூங்கும். திரும்பச் சேந்து விழும்போதுதான் அடி."

"அப்ப, அடி இல்லாம தூக்கத்த மட்டும் காட்ட முடியுமாம்மா?"

முடியும். அளவைச் சுருக்கிவிட்டால் போதும். ஆள் உயர வீச்சை ஒரு சாணாக்கிவிடலாம், அதன் நடையை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். பெட்டியின் ஆட்டம் பெரியதா சின்னதா என்று உடம்பு கணக்குப் பார்க்காது, அது எப்படி வருகிறது என்றுதான் பார்க்கும் என்று அவளுக்குத் தோன்றியது. சீராக ஆடினால் தொட்டில். தயங்கித் தயங்கி ஆடினால், உயிருள்ள ஏதோ ஒன்று.

அவளிடம் நிஜக் கடலில் எடுத்த பதிவுகள் நிறைய இருந்தன. போட்டுப் பார்த்தாள். பெரும்பாலானவற்றில் தூக்கம் தெளிவாக இல்லை. மிகத் தெளிவாக இருந்தது ஒன்றே ஒன்று. இத்தனை வருஷமாக அவள் திறக்காமல் வைத்திருந்தது: அண்ணனின் கை போன நாளின் ஆட்டம். அதைத் திறக்க அவளுக்கு ஒரு முழுச் சாயங்காலம் ஆயிற்று. திறந்து, பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, கோழிக்குள் வைத்தாள். அது எந்த நாளின் ஆட்டம் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பேச்சிமுத்து வழக்கம்போலத் தலைக்கு மேல் கையை விரித்தார். பெட்டி வந்து நின்றது. பாய் விரித்தார்கள், சட்டியை வைத்தார்கள். நிழல் ஒரு சாண் போயிற்று, வந்தது. இன்னும் கொஞ்சம் குறைவாகப் போயிற்று, வந்தது. பிறகு அடங்கியது. கஸ்பார் மொத்தா குழம்புக் கரண்டியோடு எழுந்து ஓரத்துக்குப் போனார். அவர் பின்னால் ஒருவர், இன்னொருவர். படுத்திருந்தவர் துண்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். பெட்டி மறுபடி அசைந்தபோது நிழலில் ஒரு பாயும் குழம்புச் சட்டியும் மட்டும் இருந்தன. ஏன் எழுந்தீர்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. அங்கே புழுக்கமாக இருந்தது என்றார் தண்டல்.

பேச்சிமுத்து மட்டும் பெட்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆளவந்தார் வந்த நாளில் காற்று பலமாக இருந்தது. கப்பலிலிருந்து தோணிக்கு இறங்கும்போது அவருடைய தொப்பி பறந்து கடலில் விழுந்தது. கடைசிப் படியில் ஓர் அலை அவருடைய இரண்டு பூட்ஸையும் நனைத்தது. நல்ல மனிதர், இரண்டையும் பொருட்படுத்தவில்லை. வழுக்கைத் தலை வெயிலில் பளபளக்க, ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். பெட்டி இறங்குவதைப் பார்த்துக் குழந்தைபோலச் சந்தோஷப்பட்டார். அடுத்த பெட்டி வந்து காத்து நின்றபோதுதான் முகம் மாறியது.

"இது ஆடுதே. பூஜ்யம்னு சொல்லியிருந்தீங்களேம்மா."

இசக்கி பந்தல் கதை முழுவதையும் சொன்னாள். அவர் ரசித்துக் கேட்டார், ஒத்துக்கொள்ளத்தான் இல்லை. ஆடாமல் நிறுத்தத் தெரிந்த இயந்திரத்தை வேண்டுமென்றே ஆடவிடுவது, நல்ல கடிகாரத்தைத் தப்பாக ஓடவிடுகிற மாதிரி என்றார். அதை நிறுத்திக் காட்டுங்கள், இல்லாவிட்டால் தன்னால் சரி என்று சொல்ல முடியாது என்றார். இசக்கி அண்ணனைப் பார்த்தாள். பிறகு வாக்கிடாக்கியில் சவரியிடம் ஆட்டத்தை எடுக்கச் சொன்னாள். பெட்டி வானத்தில் ஒட்டிக்கொண்டது. நிழலின் விளிம்பு தளத்தில் கோடாயிற்று.

"பாத்தீங்களா, எவ்வளவு அழகா நிக்குது. ஜனங்களுக்குத்தான் டிரெயினிங் குடுக்கணும், மெஷினக் கெடுக்கக் கூடாது" என்று ஆளவந்தார் தண்டலிடம் விளக்கத் தொடங்கினார். எதிரில் கஸ்பார் மொத்தா நிழலுக்கு அப்பால், ஓரக் கம்பியருகே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. அதிகாரி கைக்குட்டையால் தலையைத் துடைத்தார். பழக்கம், கட்டுப்பாடு, ஜப்பான் என்று பேச்சு நீண்டது. பேசிக்கொண்டே ஓர் எட்டு நகர்ந்தார். ஒரு கருத்தை வலியுறுத்த விரலை உயர்த்தியபடி இன்னோர் எட்டு. பேச்சு நிற்கவில்லை. மூன்றாவது எட்டில் வழுக்கையின் பளபளப்பு அணைந்தது. அவர் சுகமாக ஒரு மூச்சு விட்டு, இரண்டு காலையும் அகட்டி, வசதியாக நின்றுகொண்டார்.

தோணியில் எல்லோரும் பார்த்தார்கள். பேச்சிமுத்துவின் இடது கை தானாக உயர்ந்து, உள்ளங்கை தலைக்கு மேல் தட்டையாக விரிந்தது.

கூவினால் அவர் வெளியே வந்துவிடுவார், தெரியாமல் நின்றுவிட்டேன் என்று சிரித்து மறந்தும்விடுவார். ஆனால் மேலே இருப்பது இருபது டன். அவள் ஓர் அடி முன்னால் வைத்து, அவரை இழுக்கக் கையை நீட்டியபடியே வாக்கிடாக்கியில் மெல்லச் சொன்னாள்.

"சவரிண்ணே, ஆட்டத்தப் போடுங்க."

நிழலின் விளிம்பு அவருடைய பூட்ஸை விட்டு ஒரு சாண் விலகி, திரும்ப வந்தது. இன்னும் கொஞ்சம் குறைவாக விலகி, வந்தது. பிறகு அடங்கியது. அந்த அடக்கத்தில் ஆளவந்தாரின் பேச்சு ஒரு சொல்லின் நடுவே அறுபட்டது. அவர் மேலே பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. பின்பக்கமாக மூன்று எட்டு எடுத்துவைத்து வெயிலுக்கு வந்தார். வந்த பிறகு, விட்ட சொல்லை எடுத்துக்கொண்டு வாக்கியத்தை முடித்தார்.

"...ஆக, எல்லாம் பழக்கம்தான்."

தண்டல் இருமுவதுபோலக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். மற்றவர்களால் அடக்க முடியவில்லை. என்ன சிரிப்பு என்று ஆளவந்தார் கேட்டார். இசக்கி, நீட்டிய கையை இறக்கிக்கொண்டு, சற்றுமுன் அவர் எங்கே நின்றார் என்று சொன்னாள். தான் இந்த இடத்தை விட்டு நகரவே இல்லையே என்றார் அவர், உண்மையாகவே.

"சார், தரையப் பாருங்க" என்றார் பேச்சிமுத்து.

நனைந்த பூட்ஸோடு வந்த மனிதர். வெயிலில் பதிந்த தடங்களெல்லாம் சுடுகிற இரும்பில் எப்போதோ காய்ந்திருந்தன. பெட்டியின் நேர்கீழே, நிழலின் நடுவில், இரண்டு ஈரத் தடங்கள் மட்டும் காயாமல் இருந்தன. அகட்டி, வசதியாக, நுனிகள் தண்டலைப் பார்த்தபடி.

ஆளவந்தார் அந்தத் தடங்களைப் பார்த்தார். தன் பூட்ஸைப் பார்த்தார். அப்புறம்தான் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார், ரொம்ப நேரம். பிறகு அவரும் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அடங்கியபோது கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத ஆஃப் பண்ணாதீங்கம்மா. ஆஃப் பண்ற சுவிட்சே இருக்கக் கூடாது."

சரி என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஒவ்வொரு தோணியிலும், பெட்டி போகாத பின்பக்கத்தில், ஏழு பேர் உட்கார்ந்து சாப்பிட நிஜமாகவே ஒரு பந்தல் இருக்க வேண்டும், அதற்காகத் தளத்தில் இரண்டு பெட்டிக்கு இடம் குறைந்தாலும் குறையட்டும், அதன் செலவு கம்பெனியுடையது. கூட வந்திருந்த மேலாளரின் முகம் சுருங்கியதை அவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கஸ்பார் மொத்தா அவரை விடாமல் உட்காரவைத்து நெத்திலிக் குழம்பு ஊற்றினார், எஞ்சின் அறைச் சூட்டிலேயே.

கரைக்குத் திரும்புகிற படகில் அண்ணனும் தங்கையும் பின்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். இசக்கி பல வாரத்துக்குப் பிறகு பசியோடு ஒரு பொட்டலம் மக்ரூன் தின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, அது அன்னைக்கு உள்ள ஆட்டம்லா?" என்றார் பேச்சிமுத்து.

மக்ரூன் வாயிலேயே நின்றது.

"ரெண்டு சின்னது, ஒரு தூக்கம், பெறகு அது. மொத நாளே எங் கை சொல்லிட்டு."

"சொல்லிருக்கலாம்லாண்ணே. எடுத்துருப்பேனே."

"அதான் சொல்லல."

அவர் பொட்டலத்துக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். கொஞ்சம் தூள் வழக்கம்போலச் சட்டையில் சிந்தியது.

"எங் கைய ஒடிச்சிட்டு இத்தன வருசம் சும்மா திரிஞ்சிட்டு இருந்துச்சு. இனிமேயாவது எல்லாத் தோணிலயும் காவல் நிக்கட்டும்."

படகு திரும்பியபோது கப்பல் முழுவதும் தெரிந்தது. சவரி அடுத்த பெட்டியைத் தூக்கி வைத்திருந்தார். கீழே தளத்தின் நடுவில் அகலமான, குளிர்ந்த நிழல், ஆளில்லாமல், தயங்கித் தயங்கி அசைந்துகொண்டிருந்தது. பேச்சிமுத்து எழுந்து நின்று, கூண்டைப் பார்த்து, இடது உள்ளங்கையைத் தலைக்கு மேல் தட்டையாக விரித்தார். அத்தனை தூரத்திலிருந்தும் சவரி அதைப் பார்த்திருக்க வேண்டும். கிரேன் ஒருமுறை ஹாரன் அடித்தது. பெட்டி மட்டும் அதைக் காதில் வாங்காமல் தன் தூக்கத்தில் இருந்தது.